இருட்டறை வேண்டாத புகைப்படம்

புகைப்படத் தாளை வெளிச்சத்தில் பிரித்தால் அது பாழ். இருட்டறையில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். பெல்ஜியக் கலைஞர் பியர் கோர்டியே, பாழாய்ப்போன அந்தத் தாளில்தான் வேலையையே தொடங்கினார். 1956 நவம்பர் 10 அன்று ஒரு பெண்ணுக்கு அன்பாக நாலு வார்த்தை எழுத, நெயில் பாலிஷைத் தொட்டுப் புகைப்படத் தாளில் எழுதினார். அதிலிருந்து பிறந்ததுதான் கெமிகிராம், அதாவது மருந்துகளாலேயே தாளில் உருவாக்கும் படம். கேமரா இல்லை, லென்ஸ் இல்லை, நெகட்டிவும் இல்லை.

தாளின் மேல் ஜெலட்டின் பூச்சு. அதற்குள் வெளிச்சத்தை உணரும் வெள்ளி ஹாலைடு படிகங்கள். வெளிச்சம் பட்ட படிகத்தை டெவலப்பர் என்ற மருந்து உலோக வெள்ளியாக மாற்றிக் கறுப்பாக்கும். (வெள்ளி எப்படிக் கறுப்பாகும்? அவ்வளவு நுண்ணிய துகள்களாக இருப்பதால் ஒளியை விழுங்கிவிடுகிறது.) ஹைப்போ என்ற இன்னொரு மருந்தில் முக்கினாலோ, கறுக்காத படிகங்கள் கரைந்துபோய் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். கறுத்தது வெளுக்காது, வெளுத்தது கறுக்காது. எந்த மருந்து முந்துகிறதோ அதன் நிறம்தான்.

வழக்கமான படத்தில் எங்கே கறுக்க வேண்டும் என்று வெளிச்சம் சொல்லும். இங்கே தாள் முழுக்க ஒரே மாதிரி வெளிச்சம் பட்டாயிற்று; அதனிடம் சொல்ல ஒன்றும் இல்லை. அப்புறம் கோடுகள் எங்கிருந்து வருகின்றன?

வார்னிஷிலிருந்து. தாளில் வார்னிஷ் பூசி, கத்தியால் ஒரு கீறல் போட்டு டெவலப்பரில் விட்டால் கீறல் மட்டும் கறுக்கும். சற்று நேரத்தில் கீறலின் விளிம்பில் வார்னிஷ் இளகி, மயிரிழை அகலத்துக்குப் பின்வாங்கும். அந்த நேரம் தாள் ஹைப்போவில் இருந்தால், புதிதாகத் திறந்த அந்த இடம் வெளுக்கும். கழுவிவிட்டு மறுபடி டெவலப்பர்: அடுத்த இழை கறுப்பு. இப்படி மாற்றி மாற்றி முக்கினால், கீறலைச் சுற்றி மரத்தின் ஆண்டு வளையம்போல் கறுப்பும் வெள்ளையுமாய் வரிகள் அடுக்கிக்கொண்டே போகும். எண்ணிப் பார்த்தால் தொட்டி மாறிய கணக்கு கிட்டத்தட்டப் புரியும்.

வார்னிஷுக்குப் பதில் தேன், மெழுகு, எண்ணெய் எதையும் பூசலாம். தேன் சட்டென்று கரைவதால் ஓரங்கள் குழம்பிவிடும். கூர்மையான வரிக்கு வார்னிஷ்தான் சரி. கறுப்பு வெள்ளைத் தாளிலேயே சில சமயம் பழுப்பும் மஞ்சளும் எட்டிப்பார்க்கும். வெள்ளித் துகள் இன்னும் பொடியாகிவிட்டால் ஒளியோடு வேறு விதமாக நடந்துகொள்கிறது, அவ்வளவுதான்.

எதிரில் நின்ற பொருள் என்று எதுவுமே இந்தப் படத்தில் இல்லை. தாளுக்கு என்ன நேர்ந்தது என்பது மட்டுமே இருக்கிறது. நெகட்டிவ் இல்லாததால் இன்னொரு பிரதி போடவும் வழியில்லை. அதே வார்னிஷ், அதே கீறல் என்று திரும்பச் செய்தாலும், இளகும் விளிம்பு இரண்டாம் முறை வேறு வழியில் போய்விடும்.