ஐரோப்பாவில் ரயில் ஸ்ட்ரைக்: முதலில் கேட்க வேண்டியது ‘யார்?’

நாலு நாள் நகரப் பயணம். விமானம், விடுதி, ஊருக்கு ஊர் ரயில் எல்லாம் பதிவாகிவிட்டது. கிளம்ப ஒரு வாரம் இருக்கையில் ‘ரயில்வே வேலைநிறுத்தம்’ என்று செய்தி வருகிறது. பலர் உடனே இரண்டு காரியம் செய்கிறார்கள். கையிலிருக்கும் ரயில் டிக்கெட்டை ரத்து செய்கிறார்கள்; கண்ணில் பட்ட பஸ்ஸில், சொன்ன விலைக்கு இடம் போடுகிறார்கள். இரண்டிலுமே பணம் போகலாம். ரத்து செய்தது ஓடப்போகிற ரயிலாக இருக்கும். வாங்கிய பஸ் கிளம்பும் நிலையத்துக்குப் போகவே அன்றைக்கு வழி இருக்காது.

ஸ்ட்ரைக் என்ற ஒரே சொல்லுக்குள் நாலைந்து வேறு வேறு நிலைமைகள் அடங்கியிருக்கின்றன. வேலையை நிறுத்துவது யார், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது என்ற விவரம் கைக்கு வராமல் மாற்றுத் திட்டம் போடுவது இருட்டில் துழாவுவது மாதிரிதான்.

ஓட்டுநர்களா, சிக்னல் ஊழியர்களா?

ஒரு நிறுவனத்தின் ஓட்டுநர்களும் டிக்கெட் பரிசோதகர்களும் மட்டும் வேலையை நிறுத்தினால், அதே தண்டவாளத்தில் ஓடும் வேறு நிறுவனத்தின் ரயில் ஓடும். இத்தாலியில் அரசு நிறுவனமான ட்ரெனிதாலியா நின்றாலும் தனியார் நிறுவனமான இதாலோ ஓட வாய்ப்புண்டு. ஸ்பெயினின் அதிவேகப் பாதைகளில் ரென்ஃபேயோடு விகோ, இரியோ என்று இன்னும் இரண்டு நிறுவனங்கள் இருக்கின்றன. ஆனால் சிக்னல் கேபினிலும் கட்டுப்பாட்டு அறையிலும் இருப்பவர்கள் எழுந்து போய்விட்டால் யார் ரயிலும் நகராது. இத்தாலியில் தண்டவாளத்தையும் சிக்னலையும் பார்த்துக்கொள்வது ஆர்.எஃப்.ஐ. என்ற நிறுவனம். அறிவிப்பில் அந்தப் பெயரும் இருந்தால், ட்ரெனிதாலியாவுக்கு மாற்றாக இதாலோ டிக்கெட் வாங்குவதில் அர்த்தம் இல்லை.

அடுத்தது, நகரத்துக்குள் ஓடுவது யாருடையது என்ற கேள்வி. பெர்லினில் எஸ்-பான் என்கிற புறநகர் ரயில் டாய்ச்ச பான் நிறுவனத்தைச் சேர்ந்தது. சுரங்க ரயிலான ஊ-பானும் டிராமும் மஞ்சள் பஸ்களும் நகரத்தின் பி.வி.ஜி. நிறுவனத்துடையவை. ஓட்டுநர் சங்கமான ஜி.டி.எல். ரயிலை நிறுத்தினால் ஊ-பான் ஓடும். வெர்டி சங்கம் நகரப் போக்குவரத்தை நிறுத்தினால் எஸ்-பான் ஓடும். ஒன்று நிற்கும்போது மற்றொன்று கைகொடுக்கும் என்பதால், விடுதி எடுக்கும்போதே இரண்டும் நடக்கும் தூரத்தில் இருக்கிற இடமாகப் பார்ப்பது நல்லது.

விமான நிலையங்களுக்கும் இதே கணக்குதான். பெர்லின் விமான நிலையத்துக்கு ரயில் நின்றுவிட்டால் எக்ஸ்7 பஸ் ரூடோ நிலையத்துக்குப் போகும். அங்கிருந்து ஊ-பான் 7-ஆம் தடம். பிராங்க்ஃபர்ட்டில் 61-ஆம் எண் பஸ் நகரின் தெற்கு ரயில் நிலையத்தில் கொண்டுபோய் விடும். மியூனிக் விமான நிலையத்துக்கு எஸ்1, எஸ்8 இரண்டுமே டாய்ச்ச பானுடையவை, இரண்டும் சேர்ந்தே படுத்துவிடும். அங்கே லுஃப்தான்சா எக்ஸ்பிரஸ் பஸ்தான் வழி. லுஃப்தான்சா விமானத்தில் போகாதவர்களும் அதில் ஏறலாம். பெயரைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகிறவர்கள் அதிகம்.

பாரிஸ் கொஞ்சம் சிக்கலானது. மெட்ரோ ஆர்.ஏ.டி.பி. நிறுவனத்துடையது, ரயில் எஸ்.என்.சி.எஃப். நிறுவனத்துடையது, ஷார்ல் த கோல் விமான நிலையத்துக்குப் போகும் ஆர்.இ.ஆர். பி என்ற புறநகர் ரயில் தடத்தில் இரண்டுக்கும் பங்கு உண்டு. வடக்குப் பாதி எஸ்.என்.சி.எஃப். கையில் இருக்கிறது. ஸ்ட்ரைக் நாளில் பெரும்பாலும் கார் து நோர் நிலையத்தில் தடத்தை இரண்டாக வெட்டிவிடுவார்கள். பெட்டியோடு இறங்கி வேறு பிளாட்பாரத்துக்குப் போய் ஏற வேண்டும். அதற்கே அரை மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். மெட்ரோவில் 1, 4, 14 ஆகிய மூன்று தடங்கள் ஓட்டுநர் இல்லாமல் தானாக ஓடுபவை. மெட்ரோ ஸ்ட்ரைக்கிலும் கடைசிவரை தாக்குப்பிடிப்பவை இவைதான். அவற்றில் 14-ஆம் தடம் 2024 ஜூன் முதல் ஓர்லி விமான நிலையம் வரை போகிறது. ஸ்ட்ரைக் பேச்சு அடிபடும் பருவத்தில் இரண்டு விமான நிலையங்களுக்கும் ஒரே விலையில் டிக்கெட் கிடைத்தால் ஓர்லியை எடுப்பது புத்திசாலித்தனம். ஷார்ல் த கோலில்தான் இறங்கியாக வேண்டும் என்றால், அங்கிருந்து நகருக்குள் டாக்சிக்கு நிர்ணயிக்கப்பட்ட கட்டணம் உண்டு. நாலு பேர் பங்கிட்டால் தாங்கும்.

மணிக்கணக்கு

இத்தாலியில் 1990-ஆம் ஆண்டின் 146-ஆம் எண் சட்டம், அத்தியாவசிய சேவைகளில் நடக்கும் வேலைநிறுத்தத்துக்கு வரம்பு கட்டுகிறது. குறைந்தது 10 நாள் முன்பே அறிவிக்க வேண்டும். வார நாட்களில் காலை 6 முதல் 9 வரை, மாலை 6 முதல் 9 வரை வட்டார ரயில்கள் ஓடியே ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கும் விடுமுறை நாளுக்கும் இந்த உத்தரவாதம் பொருந்தாது. பலர் கவனிக்காமல் மாட்டிக்கொள்வது இங்கேதான். நீண்டதூர ரயில்களில் எவையெவை கட்டாயம் ஓடும் என்று ட்ரெனிதாலியா தனிப்பட்டியல் வைத்திருக்கிறது. அதில் உங்கள் ரயில் எண் இருந்தால் டிக்கெட்டைத் தொட வேண்டாம். நகரப் பஸ், மெட்ரோவுக்கான உத்தரவாத நேரம் ஊருக்கு ஊர் வேறு. ரோமின் நேரத்தை மிலானுக்குப் பொருத்தக் கூடாது.

இத்தாலிய ஸ்ட்ரைக் பல தடவை இரவு 9 மணிக்குத் தொடங்கி மறுநாள் இரவு 9 வரை நடக்கும். ‘வெள்ளிக்கிழமை ஸ்ட்ரைக்’ என்று செய்தியில் படித்துவிட்டு, வியாழன் இரவு ரயிலில் தப்பித்துவிடலாம் என்று நினைத்தால் நடுவழியில் நிற்க வேண்டிவரும். ஸ்ட்ரைக் தொடங்கும்போது ஓடிக்கொண்டிருக்கும் ரயில், அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் கடைசி நிலையத்தை அடையக்கூடியதாக இருந்தால் போய்ச் சேர்ந்துவிடும். இல்லையென்றால் இடையில் உள்ள ஏதாவது ஒரு நிலையத்தோடு நிறுத்திவிடலாம். ஆகவே ரயில் கிளம்பும் நேரத்தை விட்டுவிட்டு, சேரும் நேரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

பிரான்சில் 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ரயில் ஓடுவதற்கு அவசியமான ஊழியர் ஒவ்வொருவரும் தான் வேலைநிறுத்தத்தில் சேரப்போவதை 48 மணி நேரத்துக்கு முன் நிர்வாகத்திடம் தெரிவிக்க வேண்டும். அதை வைத்து நிர்வாகம் மறுநாள் அட்டவணையைப் போடுகிறது. பயணிகளுக்கு 24 மணி நேரத்துக்கு முன் சொல்லியாக வேண்டும். நடைமுறையில் முந்தைய நாள் மாலை 5 மணி வாக்கில் எந்த ரயில் உண்டு, எது இல்லை என்று தெரிந்துவிடும். அதற்கு முன் யார் என்ன சொன்னாலும் ஊகம்தான். எனவே பிரான்சுக்கான மாற்று ஏற்பாடு, முந்தைய நாள் மாலை வரை காசு இழக்காமல் கைவிடக்கூடியதாக இருக்க வேண்டும்.

ஜெர்மனியில் இப்படிச் சட்டத்தில் எழுதிய முன்னறிவிப்புக் காலம் எதுவும் கிடையாது. 2024 ஜனவரி 24 அன்று அதிகாலை 2 மணிக்கு ஜி.டி.எல். பயணிகள் ரயில்களை நிறுத்திப் பல நாள் நீட்டியபோது, அவசர அட்டவணையில் நீண்டதூர ரயில்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுதான் ஓடியது. இப்படிப்பட்ட சமயங்களில் டாய்ச்ச பான், குறிப்பிட்ட ரயிலில் மட்டும் செல்லும் மலிவு டிக்கெட்டின் கட்டுப்பாட்டைத் தளர்த்துவது வழக்கம். ஒரு நாள் முன்னதாகவே போய்விட அனுமதித்ததும் உண்டு. பஸ்ஸுக்குப் பணம் கட்டும் முன் இந்தச் சலுகை அறிவிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எந்த நாடானாலும், ஸ்ட்ரைக் முடியும் மணி ரயில் சீராகும் மணி ஆகாது. பெட்டிகள் ஓர் ஊரில் நிற்கும், ஓட்ட வேண்டியவர் வேறு ஊரில் இருப்பார். இரவு 9-க்கு முடிகிறது என்றால் 9.10 ரயிலை நம்ப வேண்டாம். மறுநாள் காலை முதல் ரயில்களிலும் சில ரத்தாகும். விமானம் பிடிக்க வேண்டிய நாள் இதில் வந்தால், முந்தைய இரவே விமான நிலையம் இருக்கும் ஊருக்கு வந்து தங்கிவிடுவது ஒன்றுதான் வழி. ரயில் தவறியதால் விமானம் தவறினால், தனித்தனி டிக்கெட்டாக வாங்கியவருக்கு விமான நிறுவனம் எதுவும் தரக் கடமைப்பட்டதல்ல. அதைவிடக் கொடுமை, முதல் கட்டப் பயணத்துக்கு வரவில்லை என்று பதிவானால் திரும்பும் டிக்கெட்டும் ரத்தாகிவிடலாம். விமானம் கிளம்பும் முன்பே அழைத்துச் சொல்லிவிட வேண்டும்.

பஸ், கார், பகிர்வுப் பயணம்

ரயிலுக்கு மாற்று என்றதும் எல்லோருக்கும் தொலைதூரப் பஸ் நிறுவனமான ஃபிளிக்ஸ்பஸ் ஞாபகம் வரும். எல்லோருக்கும் வருவதால்தான் ஸ்ட்ரைக் அறிவித்த சில மணி நேரத்தில் விலை ஏறுகிறது. விலையைவிட முக்கியமானது பஸ் கிளம்பும் இடம். பாரிசில் பெர்சி, அங்கே 14-ஆம் தடம் போவது வசதி. ரோமில் திபுர்த்தினா, மிலானில் லம்புன்யானோ. லம்புன்யானோவுக்கு எம்1 மெட்ரோவில் போக வேண்டும். அன்றைக்கு மெட்ரோவும் சேர்ந்து நின்றால் நகரின் ஓரத்துக்கு டாக்சிதான், டாக்சியும் கிடைக்கத் திண்டாட்டம். பெர்லினின் பஸ் நிலையம் நகரின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. மியூனிக்கில் மட்டும் கவலையில்லை, பிரதான ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். இத்தாலியில் ‘பொது வேலைநிறுத்தம்’ என்று இருந்தால் ரயிலோடு பஸ், டிராம், சில இடங்களில் அருங்காட்சியகங்கள்கூட அதில் சேரும். அன்றைக்கு ஊர் மாறும் திட்டத்தையே கைவிட்டு, நடந்து பார்க்கக்கூடியவற்றை அந்த நாளுக்கு மாற்றிப் போடுவது மேல்.

பிளாபிளாகார் போன்ற பகிர்வுக் கார்களில் கடைசி நேரத்திலும் இடம் கிடைக்கும். ஆனால் வண்டிக்காரர் ரத்து செய்தால் கேட்பாரில்லை. விமானம் பிடிக்கும் நாளில் வேண்டாம். பெரிய பெட்டி இருப்பதை முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

வாடகைக் காரை ஓரிடத்தில் எடுத்து வேறிடத்தில் விட்டால் தனிக் கட்டணம் உண்டு, அது சில நேரம் வாடகையைவிட அதிகம். சர்வதேச ஓட்டுநர் அனுமதியைச் சொந்த நாட்டிலேயே வாங்கிவர வேண்டும். ஸ்ட்ரைக் அறிவித்த பிறகு அங்கே போய் நின்றுகொண்டு வாங்க முடியாது. பல இத்தாலிய நகரங்களின் பழைய பகுதிகளில் வெளி வண்டிகளுக்குத் தடை. கேமரா படம் பிடித்து, மாதக்கணக்கில் கழித்து அபராதம் வீடு தேடி வரும்.

ஒரே நுழைவு ஷெங்கன் விசாவில் (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான, ஒரு தடவை மட்டும் நுழையக்கூடிய விசா) வந்தவர்கள், பாரிசிலிருந்து லண்டன் வழியாகச் சுற்றிப் போவது போன்ற யோசனைகளைத் தொடவே கூடாது. லண்டன் அந்த நாடுகளில் சேராது, வெளியே போனால் அந்த விசா முடிந்தது. சுவிட்சர்லாந்து வழியாகச் சுற்றலாம், அது ஷெங்கன் பகுதிதான். விசாவில் உள்ள நாட்களை ஒட்டிக் கடைசி நாளில் திரும்புகிற மாதிரி பயணம் போட்டவர்களுக்கு ஸ்ட்ரைக் மிகப் பெரிய தலைவலி. குறைந்தது இரண்டு நாளாவது கையில் இருக்கட்டும்.

பணம் திரும்ப வருவது

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2021/782 எண் விதிமுறை 2023 ஜூன் 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. ரயில் ரத்தானாலோ, சேருமிடத்துக்கு 60 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்தாலோ, முழுப் பணம் அல்லது மாற்று வழிப் பயணம், இரண்டில் ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். பயணத்தைத் தொடர்ந்து, 60 முதல் 119 நிமிடம் தாமதமாகச் சேர்ந்தால் டிக்கெட் விலையில் 25 சதவீதம் இழப்பீடு. 120 நிமிடமோ அதற்கு மேலோ ஆனால் 50 சதவீதம். கடும் வானிலை போன்ற காரணங்களுக்கு இழப்பீட்டிலிருந்து நிறுவனத்துக்கு விலக்கு உண்டு, ஆனால் ரயில் ஊழியர்களின் வேலைநிறுத்தம் அந்த விலக்கில் வராது. கவுன்டரில் ‘ஸ்ட்ரைக் எங்கள் கையில் இல்லை’ என்று சொன்னால் ஏற்க வேண்டியதில்லை. அதே சமயம், தாமதத்தைச் சொல்லியே விற்ற டிக்கெட்டுக்கு இழப்பீடு கிடையாது. நகர, புறநகர், வட்டார ரயில்களுக்கு இந்த விதிகள் சிலவற்றிலிருந்து விலக்களிக்க அந்தந்த நாடுகளுக்கு உரிமை உண்டு.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு பிரிவு: புறப்பட வேண்டிய நேரத்திலிருந்து 100 நிமிடத்துக்குள் நிறுவனம் மாற்று வழி எதையும் சொல்லவில்லையென்றால், நீங்களே வேறு ரயிலிலோ பஸ்ஸிலோ டிக்கெட் எடுத்து, நியாயமான செலவைத் திரும்பக் கேட்கலாம். டாக்சி இதில் வராது. கடிகாரத்தைப் பார்த்து, ரத்து என்று காட்டும் அறிவிப்புப் பலகையை நேரம் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ரயிலை நிறுவனமே ரத்து செய்யும் வரை நீங்களாக டிக்கெட்டை ரத்து செய்யாமல் இருக்கச் சொல்வது இதனால்தான். நீங்களாக விலகினால் மலிவு டிக்கெட்டின் ‘பணம் திரும்பாது’ என்ற நிபந்தனை முன்னால் வந்து நிற்கும். இரண்டு தனி டிக்கெட்டுகளைச் சேர்த்து ஒரு பயணமாக்கியிருந்தால், முதல் ரயில் தவறியதால் இரண்டாவது தவறியது என்ற வாதமும் எடுபடாது. ஒரே டிக்கெட்டாக வாங்கியிருக்க வேண்டும். புகாரைச் சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். பயணக் காப்பீட்டைப் பொறுத்தவரை, ஸ்ட்ரைக் அறிவித்த பிறகு எடுத்த பாலிசியில் அந்த ஸ்ட்ரைக்குக்குப் பொதுவாகப் பணம் வராது.

இவ்வளவையும் தெரிந்து வைத்திருந்தும் ஒரு சின்ன விஷயத்தில் கோட்டை விடுபவர்கள் உண்டு. உங்கள் ரயில் ரத்தானால் நிறுவனம் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ அனுப்பும். ஏஜென்ட் மூலம் பதிவு செய்திருந்தால் அது ஏஜென்டின் எண்ணுக்குப் போயிருக்கும். சொந்த எண்ணையே கொடுத்திருந்தாலும், அங்கே இறங்கியதும் வேறு சிம் போட்டிருப்பீர்கள். பதிவில் உங்கள் மின்னஞ்சல்தான் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு, அந்த நிறுவனத்தின் செயலியில் பதிவு எண்ணைச் சேர்த்து அறிவிப்பைத் திறந்து வையுங்கள்.

கடைசி நேரத்தில் ஸ்ட்ரைக் வாபஸ் ஆவதும் சுருங்குவதும் சகஜம். இத்தாலியில் 2023 நவம்பர் 17-ஆம் தேதி வேலைநிறுத்தத்தின் போது, போக்குவரத்துப் பகுதியை அமைச்சர் உத்தரவு போட்டு நாலு மணி நேரமாக வெட்டினார். வாபஸ் செய்தி வந்தால் உடனே மாற்று ஏற்பாட்டைக் கலைத்துவிடாமல், உங்கள் ரயில் எண்ணை அட்டவணையில் மறுபடி தேடுங்கள். ஏற்கெனவே ரத்தான ரயில் எல்லாமே திரும்ப வருவதில்லை. அட்டவணையில் எண் இருந்தால் பஸ்ஸைக் கைவிடுங்கள், இல்லாவிட்டால் பஸ்ஸிலேயே போய்விடுங்கள்.