குடம் சுமக்கும் நடையை எங்கே வைத்தோம்?

பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு அனிமேஷன் ஸ்டுடியோ நடத்துகிறேன். போன வருடம் ஒரு விளம்பரத்துக்கு, இடுப்பில் குடத்தோடு தாமிரபரணிப் படித்துறை ஏறும் பெண்ணின் நடை தேவைப்பட்டது. ஏற்கெனவே செய்த நடைதான். தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. மூன்று நாள் உட்கார்ந்து புதிதாகச் செய்தோம். அப்புறம் பார்த்தால், 'ஃபைனல் புதுசு 2' என்ற ஃபோல்டரில் பழையது கிடக்கிறது.

அன்றைக்கே எஸ்கியூலைட் என்ற சின்ன டேட்டாபேஸில் ஒரு டேபிள் போட்டோம். கிளிப், அதாவது செய்து வைத்த அசைவு, ஃபோல்டரிலேயே இருக்கட்டும். அது இருக்கும் இடம், ஃபிரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படம்), லூப் ஆகுமா (திரும்பத் திரும்ப ஓட்டலாமா), எந்த எலும்புக்கூட்டுக்கு (உருவத்தை அசைக்க உள்ளே வைக்கும் எலும்பு அமைப்பு) செய்தது, இவை மட்டும் டேபிளில். தேடுசொற்களை நாம் பேசும் தமிழிலேயே போடுங்கள்: நடை, குடம், படி. அவசரத்தில் வாயில் வரும் சொல்லால்தான் தேடுவோம்.

ஃபிரேம் ரேட்டை விட்டுவிடாதீர்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் அசைவுத் தொகுப்பு பெரும்பாலும் நொடிக்கு 120 ஃபிரேமில் பதிவானது. அதைக் கவனிக்காமல் 24-இல் ஓட்டினால் ஒரு நொடி ஓட்டம் ஐந்து நொடிக்கு இழுக்கும். எலும்புக்கூடும் அப்படித்தான். பெரியவருக்குச் செய்த நடையைக் குட்டைக் காலுள்ள குழந்தைக்கு அப்படியே மாட்டினால் பாதம் தரையில் வழுக்கும்.

பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் வேலை செய்பவர்களுக்கு ஒன்று (அதில் ஒரு அசைவுக்கு 'ஆக்‌ஷன்' என்று பெயர்): எந்தப் பாத்திரத்தோடும் சேராத ஆக்‌ஷன், கோப்பைச் சேமித்து மூடினால் போய்விடும். பெயருக்குப் பக்கத்தில் உள்ள கேடயக் குறியை அழுத்திவிடுங்கள். 2021-இல் 3.0 பதிப்போடு, திரும்பப் பயன்படுத்துபவற்றை அடுக்கி வைக்கும் அசெட் பிரவுசர் வந்துவிட்டது. அதில் அசெட்டாகக் குறித்தாலும் போதும்.

இன்னொன்றை நாங்கள் தாமதமாகத்தான் சேர்த்தோம்: ஆடியவரின் பெயர், அவர் கொடுத்த அனுமதி. கோயில் கொடை விழாவில் மகுடம் என்ற பறை ஒலிக்க, பெண் வேடமிட்டு ஆடும் கணியான் கூத்துக் கலைஞர் ஒருவரை, உடல் அசைவைப் பதியும் சென்சார் உடையில் ஆடச் சொல்லிப் பதிவு செய்தோம். கிளிப்பாகிவிட்டால் அந்த அடவை எந்த உருவத்துக்கும் மாட்டலாம், ஆடியவருக்குத் தெரியாமலே. "கோயில் கொடைக் காட்சிக்கு மட்டும்" என்று அவர் சொன்னதை அதே வார்த்தையில் எழுதி வைத்திருக்கிறோம். போன மாதம் ஒரு துணிக்கடை விளம்பரத்துக்கு அந்தக் கிளிப்பைக் கேட்டார்கள். அந்தக் கலைஞர் அண்ணனுக்கு போன் போட்டுக் கேட்டேன். "வேண்டாம் தம்பி" என்றார். கொடுக்கவில்லை.