பழைய கம்ப்யூட்டருக்கு மலிவு விலை விண்டோஸ் கீ வாங்கும் முன்

ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் வைகாசி வெயிலில் ஆட்டோ பிடித்து சிபியுவைக் கொண்டுவந்து பாளையங்கோட்டையில் இருக்கும் என் சர்வீஸ் கடை மேஜையில் வைத்தார். "தம்பி, தீபாவளி சமயத்துல லைஃப்டைம்னு சொல்லித்தான் வாங்குனேன். இப்போ மூலையில ஆக்டிவேட் பண்ணுங்கன்னு எழுத்து நிக்குது. பேரன் போட்டோவை வால்பேப்பரா வைக்கக்கூட விடமாட்டேங்குது."

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அந்தப் பதற்றத்தில் ஆன்லைனில் தேடி, 650 ரூபாய்க்கு 'விண்டோஸ் 11 ப்ரோ' கீ, அதாவது விண்டோஸுக்கான உரிம எண், வாங்கியிருக்கிறார். விற்றவரே ரிமோட்டில் வந்து எல்லாம் செய்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதன்பின் ஏழு மாதம் அந்தக் கம்ப்யூட்டரில்தான் டீச்சர் வங்கிக் கணக்கையும் பார்த்திருக்கிறார்.

இப்படி வரும் எந்தக் கம்ப்யூட்டரிலும் நான் முதலில் செய்வது ஒரே காரியம்தான். விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ரன் பெட்டி வரும். அதில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்று சேர்த்து அடித்து, ஓர் இடம் விட்டு, சாய்கோடு (/) போட்டு, டி, எல், ஐ என்று முடித்து என்டர் தட்ட வேண்டும். சில நொடிகளில் சின்னப் பெட்டி ஒன்று திறக்கும். அதன் இரண்டாவது வரியில், 'சேனல்' என்ற சொல்லுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். டீச்சருடையதில் 'வால்யூம் கேஎம்எஸ் கிளையன்ட்' என்று இருந்தது.

கேஎம்எஸ் என்பது பெரிய நிறுவனங்களுக்கான ஏற்பாடு. நிறுவனத்துக்குள் ஒரு சர்வர் இருக்கும். குறைந்தது 25 கம்ப்யூட்டர்கள் அதைத் தொடர்பு கொண்ட பிறகே அது ஆக்டிவேஷன், அதாவது விண்டோஸுக்கான உரிம ஒப்புதல், தர ஆரம்பிக்கும். ஒருமுறை கிடைத்தால் 180 நாள் செல்லும். கம்ப்யூட்டர் ஏழு நாளுக்கு ஒருமுறை அந்த சர்வரைக் கூப்பிட்டுப் புதுப்பித்துக்கொள்ளும். கீ விற்றவர் டீச்சரின் கம்ப்யூட்டரை எங்கோ இருக்கும், யாருடையது என்றே தெரியாத சர்வரோடு இணைத்துவிட்டிருந்தார். அந்த சர்வர் நின்றுபோனது. 180 நாள் ஓடி முடிந்ததும் எழுத்து வந்துவிட்டது. இந்த ஏற்பாட்டில் 'லைஃப்டைம்' என்ற பேச்சுக்கே இடமில்லை.

மலிவாக விற்கும் கீகள் எல்லாம் இந்த வகை என்று சொல்ல மாட்டேன். எம்ஏகே என்றொரு வகை உண்டு. அதுவும் நிறுவனங்களுக்குத் தருவதுதான், இத்தனை முறை ஆக்டிவேட் செய்யலாம் என்று எண்ணிக்கை வைத்திருக்கும். நிறுவனத்தின் கீயை யாரோ வெளியே கசியவிட்டு, அதையே நூறு பேருக்கு விற்பார்கள். எண்ணிக்கை தீர்ந்தாலோ, கீயை முடக்கினாலோ கதை முடிந்தது. ஆன்லைனில் ஆக்டிவேட் ஆகாது, போன் வழியாகச் செய்து தருகிறேன், திரையில் வரும் நீள எண்ணைப் படம் பிடித்து அனுப்புங்கள் என்று விற்பவர் கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வேறெங்கோ போட்ட கீயாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஓஇஎம் என்பது புதிய கம்ப்யூட்டரோடு சேர்ந்து வரும் உரிமம். அது முறையானதுதான், விலையும் குறைவு. ஆனால் முதலில் எந்தக் கம்ப்யூட்டரில் ஏறியதோ அதோடு கட்டுப்பட்டது. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடலாம், ரேம் கூட்டலாம், பாதகமில்லை. மதர்போர்டு போய் வேறு போர்டு மாற்றினால் உரிமமும் போனது போலத்தான். பழைய கம்ப்யூட்டரில் மதர்போர்டும் பழுதாகலாம் என்பதால் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொள்ளக்கூடியது முழு விலை கொடுத்து வாங்கும் ரீடெயில் உரிமம் மட்டுமே. அதுவும் ஒரு நேரத்தில் ஒரு கம்ப்யூட்டருக்குத்தான்.

பள்ளி நிர்வாகிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கல்விச் சலுகையில் மொத்தமாக வாங்கும் விண்டோஸ் உரிமம் மேம்படுத்துவதற்கான உரிமம் மட்டுமே. அடியில் முறையான விண்டோஸ் ஒன்று ஏற்கெனவே இருக்க வேண்டும். விண்டோஸே இல்லாமல் வாங்கிய அசெம்பிள்டு கம்ப்யூட்டர்களுக்கு இந்தச் சலுகையை மட்டும் நம்பி பட்ஜெட் போட்டால் தணிக்கையில் மாட்டுவீர்கள்.

என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. முறையான விண்டோஸ் 10 ஓடும் கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-க்குத் தகுதியானது என்றால் கீயே வாங்க வேண்டாம். ஹோம் பதிப்பிலிருந்து ஹோம், ப்ரோ பதிப்பிலிருந்து ப்ரோ என்று இலவசமாகவே மாறலாம். தகுதி இல்லை என்றால் எந்தக் கீயும் அந்தத் தகுதியைக் கொண்டுவராது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆகவிடும் செக்யூர் பூட் வசதி வேண்டும், இன்டெல் ப்ராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ இருக்க வேண்டும். இதெல்லாம் வன்பொருளில் இருக்க வேண்டியவை. டீச்சருடையது நாலாம் தலைமுறை ஐ5. தகுதிச் சோதனையைத் தாண்டவைத்து விண்டோஸ் 11-ஐ நிறுவியிருந்தார்கள். அப்படி நிறுவியதற்கு அப்டேட் பெற உரிமை இல்லை என்று மைக்ரோசாஃப்ட் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. கோர் 2 டுவோ மாதிரி இன்னும் பழைய ப்ராசஸரில், விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு பூட்டே ஆகாது.

ஆக, பாதுகாப்புக்காக அவர் கொடுத்த 650 ரூபாயில் பாதுகாப்பும் கிடைக்கவில்லை, கையில் இருந்ததும் பயன்படாமல் போனது. அந்தக் கம்ப்யூட்டர் 2014-இல் விண்டோஸ் 8.1-ஓடு வந்தது. மதர்போர்டில் உள்ள பயாஸ் சிப்பிலேயே கீ பதிந்திருக்கும். 2016-இல் சலுகைக் காலம் முடியும் முன்பே அவர் மகன் இலவசமாக விண்டோஸ் 10 ஹோமுக்கு மாற்றியிருக்கிறார். அந்த உரிமம் மதர்போர்டின் அடையாளத்தோடு மைக்ரோசாஃப்ட் சர்வரில் இன்னும் இருக்கிறது. மேலே ப்ரோ கீயை ஏற்றியதால் அது மறைந்து நின்றது, அவ்வளவுதான். ப்ரோவிலிருந்து ஹோமுக்கு அப்படியே இறங்க வழி கிடையாது. கோப்புகளை எடுத்து வைத்துவிட்டு ஃபார்மேட் செய்ய வேண்டியதுதான்.

செய்தோம். போட்டோக்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்தேன். விண்டோஸ் 10 ஹோமைப் புதிதாக நிறுவினேன். கீ எதுவும் கேட்கவில்லை. நெட் கேபிளைச் செருகிச் சிறிது நேரத்தில் ஆக்டிவேட் ஆகிவிட்டது. "இது எப்பவுமே இதுக்குள்ளதான் இருந்துச்சா தம்பி?" என்று கேட்டார் டீச்சர். ஆமாம் டீச்சர் என்றேன். அந்த ரிமோட் ஆளின் கண்ணில் என்னென்ன பட்டதோ தெரியாது என்பதால், வங்கிக் கடவுச்சொற்களை அன்றே மாற்றச் சொன்னேன்.

பிறகு, விண்டோஸ் 10-க்குத் தொடர்ந்து பாதுகாப்பு அப்டேட் தரும், வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கான நீட்டிப்புப் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்த்துவிட்டேன். அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பேக்கப் வசதியில் அமைப்புகளைச் சேமிக்க ஒப்புக்கொண்டதால் காசு எதுவும் ஆகவில்லை. அது 2026 அக்டோபர் 13 வரை செல்லும். அதற்குள் புதிய கம்ப்யூட்டரா, இதிலேயே லினக்ஸா என்று முடிவு செய்ய மகனிடம் பேசுவதாகச் சொன்னார். கேபினெட்டை மூடும் முன் உள்பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டினேன்: 'ஹோம். ஓஇஎம். இந்த மதர்போர்டுக்கு மட்டும். கீ வாங்க வேண்டாம். 13.10.2026.'