சிஎஸ்ஆர் செலவு நம்ம வாங்குற பொருள் விலையில ஏறுமா?

மார்த்தாண்டம், குலசேகரம்னு நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல எங்க போனாலும் ஏதாவது ஸ்கூல் சுவர்ல "சிஎஸ்ஆர் நிதியில் கட்டப்பட்டது"ன்னு ஒரு போர்டு கண்ணுல படும் (சிஎஸ்ஆர்னா கம்பெனிங்க லாபத்துல ஒரு பங்கை சமூகத்துக்கு செலவு பண்றது), பார்த்ததும் யாராவது ஒருத்தர் சொல்லிடுவாங்க, இதெல்லாம் நம்மகிட்ட விலையில புடுங்குன காசுதானேன்னு. அது எவ்வளவு தூரம் சரின்னு கணக்கு போட்டே பாத்துரலாம்.

2013 கம்பெனிகள் சட்டம் 135-வது பிரிவு 2014 ஏப்ரல் 1-ல நடைமுறைக்கு வந்துச்சு. நிகர மதிப்பு (கடன் போக மிச்ச சொத்து) 500 கோடி, விற்றுமுதல் (வருஷ விற்பனை) 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதுல ஏதாவது ஒண்ணைத் தொட்ட கம்பெனி முந்தின மூணு வருஷ சராசரி லாபத்துல 2% சமூகத்துக்கு செலவு பண்ணணும். இங்க கவனிக்க வேண்டியது, அளவுகோல் லாபம், விற்பனை இல்ல. 200 கோடிக்கு வித்து சராசரியா 10 கோடி லாபம் பாக்குற ஒரு கம்பெனின்னு வைங்க, அது செலவு பண்ண வேண்டியது 20 லட்சம். அதை அப்படியே விலையில ஏத்தினாலும் 100 ரூபா பொருளுக்கு வெறும் 10 பைசாதான் வரும். அதனால விலை ஏறுறதுக்கு சிஎஸ்ஆரைக் காரணம் சொல்றது எனக்குச் சரியாப் படல.

ஆனா முதலாளி பக்கத்துக்கு அது சின்ன செலவும் இல்ல. அதே 20 லட்சத்தை டிவி விளம்பரத்துக்குக் குடுத்தா வருமான வரி கணக்குல செலவா கழிச்சிக்கலாம், வரி சுமார் 25%ன்னா கையில இருந்து போறது 15 லட்சம்தான். சிஎஸ்ஆரை தொழில் செலவா கழிக்க வரிச் சட்டம் விடாது, அதனால 20 லட்சமும் முழுசாப் போகும். ஹரிஓம் மஞ்சிராஜு, சிவராம் ராஜகோபால்னு ரெண்டு ஆய்வாளர்கள் 2017-ல வெளியிட்ட ஆய்வுல, இந்தச் சட்டத்தால கட்டாயமா செலவு பண்ண வேண்டி வந்த கம்பெனிகளோட பங்கு விலை சராசரியா 4.1% விழுந்துச்சுன்னு கண்டாங்க. அதுலயே இன்னொண்ணும் இருக்கு, விளம்பரத்துக்கு நிறைய செலவு பண்ற கம்பெனிகளுக்கு அந்த அடி விழல.

ஏன் அப்படின்னா, நல்லது பண்றது வாங்குறவங்களுக்குத் தெரிஞ்சாத்தான் விற்பனையில எட்டிப் பாக்கும். அமெரிக்க கம்பெனிகளை வச்சு செர்வேஸ், தமாயோ 2013-ல எழுதின ஆய்வும் இதையேதான் சொல்லுது. நியூயார்க்ல ஒரு பெரிய கடையில துண்டுக்கும் மெழுகுவத்திக்கும் "நியாயமான வேலைச் சூழல்ல செஞ்சது"ன்னு லேபிள் ஒட்டிப் பாத்தாங்க, வியாபாரம் கூடிச்சு, லேபிள் ஒட்டினதோட விலையை ஏத்தின பிறகும் கூடத்தான் செஞ்சுது.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம், எனக்கு ரொம்ப முக்கியமாப் படுறது இதாக்கும். அண்டியாபீஸ்ல, அதாவது முந்திரி ஆலையில, கொட்டையோட தோடு உடைக்கிற பெண்களோட கையை அந்தத் தோட்டுல இருக்குற அண்டி எண்ணெய் பொள்ள வச்சிடும். நல்ல கையுறை, நேரத்துக்குச் சம்பளம், பிள்ளைங்களைப் பாத்துக்க ஒரு இடம், இதெல்லாம் குடுத்தா வேலைக்காரங்க விட்டுட்டுப் போறது குறையும், புதுசா ஆள் பிடிச்சுப் பழக்குற செலவு மிச்சம், கை பழகினவங்க உடைச்சா பருப்பு முழுசா வரும், முழுப் பருப்புக்கு உடைஞ்சதைவிட நல்ல விலை. செலவு குறையுறது, விற்பனை கூடுறது ரெண்டும் ஒரே இடத்துல நடக்குது. ஆனா சொந்தத் தொழிலாளிங்களுக்குப் பண்றது சட்டப்படி சிஎஸ்ஆர் கணக்குல சேராது, இங்க உள்ள முக்கால்வாசி சின்ன ஆலைங்க அந்த 5 கோடி லாபத்தைத் தொடவும் செய்யாது. சட்டம் கேக்கலைன்னாலும் ஆலைக்காரங்க இதைப் பண்ணணும், கணக்கு பாத்தாலே லாபம் தெரியும்.

பெரிய கம்பெனிங்க விஷயத்துல நாம கேக்கவும் வழி இருக்கு. தொழில் நடக்குற வட்டாரத்துக்கு முன்னுரிமை குடுக்கணும்னு அதே 135-வது பிரிவு சொல்லுது, ஆண்டறிக்கையோட சிஎஸ்ஆர் பக்கத்துல எந்த மாவட்டத்துல எவ்வளவு செலவுன்னு சில கம்பெனிங்க போட்டிருப்பாங்க. நம்ம மண்ணுல தொழில் பண்ற கம்பெனியோட அறிக்கையை எடுத்து, அதுல கன்னியாகுமரி இருக்கான்னு ஒருதடவை தேடிப் பாருங்க, இல்லைன்னா ஏன்னு அவங்களுக்கே எழுதிக் கேளுங்க.