கிளட்ச் பெடல் கீச்சிட்டால் எண்ணெய்ப் பாட்டிலைத் தேடாதீர்கள்

தென்மேற்குப் பருவமழை கூடலூர், தேவாலா பக்கம் கொட்டத் தொடங்கிவிட்டால், ஊட்டியில் உள்ள எங்கள் பட்டறைக்கு ஒரே புகார் வரிசையாக வரும்: கிளட்சை மிதித்தால் கீச்சென்று சத்தம். வண்டி ஓடுகிறது, கியர் ஒழுங்காக விழுகிறது, சத்தம் மட்டும் காதைக் குடைகிறது. பெரும்பாலும் இது சின்ன வேலைதான். ஆனால் பலர் கைவைத்தியம் பார்த்துவிட்டுத்தான் எங்களிடம் வருகிறார்கள். அதைத் துடைத்தெடுக்கவே பாதி நேரம் போய்விடுகிறது.

கைவைத்தியத்தில் முதலிடம் தேங்காய் எண்ணெய்க்கு. சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறையத் தொடங்கிவிடும். ஊட்டியோ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தலைக்குத் தேய்க்கவே பாட்டிலை வெந்நீரில் வைக்க வேண்டிய ஊரில், பெடல் இடுக்கில் விட்ட எண்ணெய் காலையில் மெழுகாகத்தான் கிடக்கும். செருப்போடு வரும் செம்மண்ணும் அதில் அப்பிக்கொள்ள, சத்தம் முன்பைவிட ஓங்கும்.

இன்ஜின் ஆயில் விடுகிறவர்கள் இதைவிட ஆபத்தான காரியம் செய்கிறார்கள். அது மெல்ல வடிந்து பெடல் ரப்பருக்கும் செருப்பின் அடிப்பாகத்துக்கும் வந்துவிடும். கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அங்கே பிரேக்கில் வைத்த கால் வழுக்குவதற்கு, கீச்சிடும் கிளட்சே தேவலை.

துரு இளக்கும் ஸ்பிரேயும் மருந்தல்ல. கோத்தகிரியிலிருந்து காய்கறி ஏற்றி வரும் தம்பி ஒருவர், "ஸ்பிரே அடித்தேன் அண்ணா, இரண்டு நாள் பேசாமல் இருந்தது" என்றார். அடித்தவுடன் சத்தம் அடங்கும், உண்மைதான். ஆனால் அங்கே மிச்சமிருந்த பழைய கிரீஸையும் அது கரைத்துக்கொண்டு போய்விடும்.

முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிடிக்க வேண்டும். இன்ஜினை அணைத்துவிட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள். இன்ஜின் ஓடாதபோதும் சத்தம் வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. பெடல், ரிட்டர்ன் ஸ்பிரிங், கேபிள், கியர் பாக்ஸ் பக்கம் கிளட்சை விலக்கும் நெம்புகோலான கிளட்ச் ஃபோர்க் என்று நான்கைந்து இடங்களுக்குள்தான் காரணம் இருக்கும். ஒருவர் பெடலை அழுத்த, இன்னொருவர் டார்ச்சோடு குனிந்து பெடலின் மேல்முனையில் விரலை வைத்துப் பார்க்கலாம். சத்தம் எழும் இடத்தில் விரலுக்கு ஓர் அதிர்வு தெரியும். அங்கே தெரியாவிட்டால் பானெட்டைத் திறந்து, கியர் பாக்ஸ் பக்கத்தில் காது கொடுங்கள்.

நாங்கள் அதிகம் பார்ப்பது பெடல் ஆடும் அச்சைச் சுற்றி இருக்கும் சிறு வளையமான நைலான் புஷ். கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும்: வட்டமாக இருக்க வேண்டிய துளை ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து முட்டை வடிவில் இருக்கும், உட்புறம் கறுத்துப் பளபளக்கும். அதற்கு கிரீஸ் வைத்துப் பயனில்லை, புதிது போட வேண்டும். தேயாத புஷ் என்றால் துணியால் சுத்தமாகத் துடைத்து, சிலிகான் கிரீஸ் மெல்லியதாகத் தடவினால் போதும். இரும்போடு இரும்பு உரசும் இடத்துக்கும் ஸ்பிரிங்கின் கொக்கி முனைகளுக்கும் லித்தியம் கிரீஸ். கேபிளுக்குப் பதில் ஆயில் அழுத்தத்தால் கிளட்ச் இயங்கும் வண்டிகளில், அந்த அழுத்தத்தை உண்டாக்கும் மாஸ்டர் சிலிண்டருக்குப் போகும் கம்பியைப் பெடலோடு சேர்க்கும் பின்னைக் கழற்றினால், அதன் கிளிப்பைத் திரும்ப ஒழுங்காக மாட்டினோமா என்று இரண்டு முறை பாருங்கள். அந்தச் சின்ன கிளிப் விழுந்து பின் கழன்றால், பெடல் தரையோடு படுத்துவிடும். மேடு ஏறும்போது அது நடக்க வேண்டாம்.

கேபிள் விஷயத்தில் பழைய பழக்கம் ஒன்றை விட வேண்டும். உட்புறம் நைலான் பூச்சுள்ள கேபிளுக்குள் எண்ணெய் விடக்கூடாது. பெடல் கனத்து, கேபிள் இழைகள் பிரிந்திருந்தால் மாற்றுவது ஒன்றுதான் வழி.

மழைக்காலத்தில் பெடலுக்குக் கீழே மேட் ஈரமாக இருந்தால், ஷூ ஈரம் என்று யாரும் கண்டுகொள்வதில்லை. விரலால் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். வழவழப்பு இருந்தால் அது தண்ணீரல்ல, பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து கசியும் பிரேக் ஆயில் (கிளட்சுக்கும் அதைத்தான் ஊற்றுவார்கள்). பெயின்டை அரித்துவிடும் சமாச்சாரம் என்பதால் கையை உடனே கழுவுங்கள். ஆயில் டப்பாவில் அளவு குறைந்திருக்கிறதே என்று இன்ஜின் ஆயிலை அதில் ஊற்றிவிடாதீர்கள். உள்ளே உள்ள ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். எந்த வகை ஆயில் என்பது மூடியின் மேலேயே எழுதியிருக்கும்.

இன்ஜின் ஓடும்போது மட்டும் வரும் சத்தம் வேறு கதை. பெடலை அழுத்தினால் சத்தம் எழுந்து, விட்டால் நிற்கிறது என்றால், சந்தேகம், பெடலை அழுத்தும்போது கிளட்சை விலக்கும் ரிலீஸ் பேரிங் மேல் விழும். நியூட்ரலில் நிற்கும்போது சத்தம் இருந்து, அழுத்தினால் அடங்குகிறது என்றால் இன்ஜின் சுழற்சியைக் கியர் பாக்ஸுக்குள் வாங்கும் இன்புட் ஷாஃப்ட்டின் பேரிங்கைப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் கிரீஸ் டப்பா உதவாது. கியர் பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும்.

மலையில் ரிலீஸ் பேரிங் சீக்கிரம் போவதற்குப் பாதிக் காரணம் நம் கால்தான். மே மாத மலர்க் கண்காட்சி சமயத்தில் ஊட்டிச் சாலைகளில் வண்டிகள் ஊர்வதைப் பார்த்திருப்பீர்கள். மேட்டில் ஹேண்ட் பிரேக் போடாமல் பெடலைப் பாதி அழுத்திய ஹாஃப் கிளட்சிலேயே வண்டியைத் தாங்கிப் பிடிப்பவர்கள்தான் அதிகம். சமவெளியிலிருந்து வருகிறவர்களை மட்டும் சொல்லவில்லை, உள்ளூர்க்காரர்களும் அப்படித்தான். அந்த நேரமெல்லாம் பேரிங் அழுத்தத்திலேயே சுழல்கிறது, கிளட்ச் பிளேட்டும் கருகுகிறது. ஓட்டும்போது இடது காலைப் பெடல் மேல் சும்மா வைத்திருப்பதும் அதே கணக்குதான்.

குன்னூரிலிருந்து கல்லாறுக்கு இறங்கும்போது சிலர் கிளட்சை அழுத்தியபடியே வருகிறார்கள். அப்போது இன்ஜினின் பிடி சக்கரத்துக்குக் கிடைப்பதில்லை. முழுப் பாரமும் பிரேக் மேல் விழுந்து, அது சூடேறிப் பிடிக்காமல் போகும். இரண்டாவது கியரில் இறங்குங்கள், கிளட்ச் கியர் மாற்ற மட்டும்.

கியர் பாக்ஸை இறக்கும் நிலை வந்தால் கூலிதான் பெரிய செலவு. எனவே கிளட்ச் பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒரே தடவையில் பார்த்துவிடச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பேரிங்கைக் கேட்டு வாங்கிக் கையில் சுழற்றிப் பாருங்கள். மணல் கலந்ததுபோல் கரகரவென்று சுழன்றால் மெக்கானிக் சொன்னது சரி. வழுக்கிக்கொண்டு அமைதியாகச் சுழன்றால், வேறு எங்கிருந்து சத்தம் வந்தது என்று அவரிடமே கேளுங்கள்.