பாட்காஸ்ட் கருவி வாங்குகிறீர்களா? தனித்தனி ட்ராக் விழுகிறதா என்று பாருங்கள்

சென்ற ஆண்டு இரண்டு கல்லூரி மாணவர்கள் ஒரு எஸ்டி கார்டோடு என்னிடம் வந்தார்கள். எண்பது வயதைத் தாண்டிய தெருக்கூத்துக் கலைஞர் ஒருவரை அவர் வீட்டுத் திண்ணையில் வைத்து ஒன்றரை மணி நேரம் பேட்டி எடுத்திருந்தார்கள். பயன்படுத்தியது பாட்காஸ்டுக்கென்றே விற்கும், விலை அதிகமான ஆல்-இன்-ஒன் கருவி; பல மைக்கைச் செருகி, கலந்து, பதிவது எல்லாம் ஒரே பெட்டியில். கார்டைத் திறந்தால் ஒரே ஒரு ஸ்டீரியோ ஃபைல். பெரியவர் குரலைத் தாழ்த்தி ஒரு பாட்டின் அடியைச் சொல்லும்போதெல்லாம், கேள்வி கேட்டவரின் “ம்ம்... ஆமாங்கய்யா” சரியாக அதன் மேலேயே விழுந்திருந்தது.

மூன்று பேருக்கும் மூன்று மைக் வைத்துத்தான் பதிந்திருக்கிறார்கள். ஆனால் மூன்றும் கலந்து ஒன்றான பிறகு பிரிப்பது பெரும்பாடு. அதற்கென்று மென்பொருள்கள் வந்துவிட்டன, போட்டுப் பார்த்தேன். “ம்ம்” குறைந்தது, கூடவே பெரியவரின் குரலும் தகரத்துக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிட்டது. அதற்குள் அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனதால் மறுபடி எடுக்கவும் வழியில்லை. கருவியில் கோளாறு எதுவும் இல்லை. மெனுவுக்குள் மல்டிட்ராக், அதாவது ஒவ்வொரு மைக்கையும் தனியாகப் பதியும் வசதி, அணைந்து கிடந்தது, அவ்வளவுதான். விற்றவர் அதைச் சொல்லவில்லை.

அதனால்தான், “எது சார் நல்ல மிஷின்?” என்று யார் கேட்டாலும் நான் முதலில் இதையே சொல்கிறேன்: ஒவ்வொரு மைக்கும் கார்டில் தனி ஃபைலாக விழ வேண்டும். மைக்குகளின் ஒலியைக் கலக்கும் சிறிய மிக்சர்கள் சில, நான்கு மைக் செருக இடம் கொடுத்துவிட்டு, யூஎஸ்பி வழியாகக் கணினிக்கு இரண்டே ட்ராக்கைத்தான் அனுப்பும். பெட்டியின் மேல் நான்கு சானல் என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். கார்டு நிறைந்துவிடுமே என்ற பயமும் வேண்டாம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்ற உயர்ந்த தரத்தில் ஒரு மைக் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 520 எம்பி எடுக்கும். நான்கு மைக்கும் கலவை ஃபைலும் சேர்ந்தாலும் 3 ஜிபி சொச்சம்தான்.

அடுத்தது, எத்தனை பேர், எங்கே உட்கார்ந்து பேசப் போகிறீர்கள் என்பது. தனியாகப் பேசுபவருக்கு இந்தப் பெட்டியே தேவையில்லை. சாம்சன் க்யூ2யூ, ஷூர் எம்வி7 போல கணினிக்கு யூஎஸ்பியும், இந்த மாதிரிக் கருவிகளுக்கு எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று முனைச் செருகியும் இருக்கும் மைக் ஒன்று போதும். பிற்காலத்தில் கருவி வாங்கினாலும் அதே மைக்கைச் செருகிக்கொள்ளலாம். ஊர் ஊராகப் போய் எடுப்பவர்களுக்கு நான் சொல்வது ஜூம் பாட்ட்ராக் பி4. நான்கு மைக், நான்கு ஹெட்போன், இரண்டு டபுள்-ஏ பேட்டரியிலேயே ஓடும். 16 பிட்டில்தான் பதியும். பேச்சுக்கு அது தாராளம். ஒரே அறையில் நிரந்தரமாக அமைப்பவர்களுக்கு ரோட்காஸ்டர் ப்ரோ 2 வசதியானது. ஆனால் அதில் பேட்டரி கிடையாது. கரண்ட் போனால் நடந்துகொண்டிருக்கும் பதிவே கெட்டுப்போகலாம், யூபிஎஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டினால் இசையோ கைதட்டலோ ஒலிக்கும், வண்ண விளக்கோடு இருக்கும் சவுண்டு பேடுகளைப் பார்த்துப் பலர் மயங்குகிறார்கள். என்னிடம் வரும் பதிவுகளில் அவற்றைப் பயன்படுத்தியவர்கள் மிகக் குறைவு.

கெயின், அதாவது மைக்கின் ஒலியைக் கருவி பெருக்கும் அளவு, அப்படி ஒதுக்கிவிடக்கூடியதல்ல. ஷூர் எஸ்எம்7பி போன்ற டைனமிக் மைக்குக்கு (வாய்க்கு அருகில் வைத்துப் பேசும் வகை) 60 டெசிபெல் அளவுக்குச் சுத்தமான கெயின் வேண்டும். அது இல்லாத கருவியில் குமிழை முழுக்கத் திருகினால் பேச்சோடு “ஸ்ஸ்” என்ற இரைச்சலும் ஏறும். பி4 70 வரை தரும், ரோட்காஸ்டர் ப்ரோ 2 76 வரை தரும். சரி, மெல்லிய ஒலியையும் பிடிக்கும் கண்டன்சர் மைக் வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லையே என்பார்கள். நம் ஊர் அறையில் மே மாதம் மின்விசிறியை நிறுத்திவிட்டு யாரால் ஒரு மணி நேரம் பேச முடியும்? கண்டன்சர் அந்த விசிறியையும், எதிரில் இருப்பவர் பேச்சையும், தெருவில் போகிற ஹாரனையும் சேர்த்தே வாங்கும். ட்ராக் தனித்தனியாக இருந்தும் எல்லாவற்றிலும் எல்லார் குரலும் கேட்டால் என்ன பயன்? டைனமிக் மைக், வாயிலிருந்து நான்கு விரல் தூரம். வீட்டில் பதிபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்.

தொலைபேசியில் விருந்தினரைச் சேர்ப்பவர்கள் மிக்ஸ்-மைனஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். விருந்தினருக்கு அவருடைய குரலை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அனுப்பும் ஏற்பாடு அது. இல்லாவிட்டால் தான் பேசியதே சற்றுத் தாமதமாகத் தன் காதில் திரும்ப விழுந்து, பாதி வாக்கியத்தில் திணறி நிற்பார். மேலே சொன்ன இரண்டு கருவிகளிலும் இது தானாகவே நடக்கும்.

கடைக்குப் போகும்போது உங்கள் கார்டு, ஹெட்போன், லேப்டாப் மூன்றையும் எடுத்துப் போங்கள். இரண்டு மைக் செருகச் சொல்லி, நீங்களும் கடைக்காரரும் வேண்டுமென்றே ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டு ஐந்து நிமிடம் பேசுங்கள். அப்புறம் கார்டை லேப்டாப்பில் போட்டு ஒரு மைக்கின் ஃபைலை மட்டும் கேளுங்கள். ஒரே ஃபைல்தான் இருந்தால் மல்டிட்ராக்கை எங்கே போடுவது என்று காட்டச் சொல்லுங்கள். அவரால் காட்ட முடியவில்லை என்றால் அன்றைக்கு வாங்காமல் வந்துவிடுங்கள்.