வால்வு அறுவைச் சிகிச்சையும் உடல் எடையும்: யாரைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்?

இதய வால்வு அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறித்தவுடன், சற்றுப் பருமனாக இருப்பவர்கள் பெரும்பாலும் என்னிடம் கேட்பது, "இந்த உடம்பை வைத்துக்கொண்டு தாங்குவேனா, டாக்டர்?" என்பதுதான். ஒல்லியாக இருப்பவர்கள் தங்கள் எடையைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்பதில்லை. உடன் வருபவர்களும் கேட்பதில்லை. என் அனுபவத்தில், கேள்வி கேட்காத அந்த இரண்டாவது வகையினரே என்னை அதிகம் கவலைப்பட வைத்திருக்கிறார்கள்.

கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் பிஎம்ஐ (உடல் நிறை குறியீடு) 18.5-க்குக் கீழே இருந்தால் எடை குறைவு, 25-க்கு மேல் அதிக எடை, 30-க்கு மேல் உடல் பருமன் என்பது உலக அளவிலான வரையறை. வால்வு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகான இறப்பு, எடை குறைந்தவர்களிடையே அதிகமாகவும், ஓரளவு அதிக எடை உள்ளவர்களிடையே சராசரி எடை உள்ளவர்களுக்கு நிகராகவோ சற்றுக் குறைவாகவோகூட இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. இதைப் 'பருமன் முரண்' என்பார்கள். கொழுப்பே காப்பாற்றுகிறது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பருமனானவர்கள் பல நேரங்களில் இளைய வயதிலேயே அறுவைச் சிகிச்சைக்கு வந்துவிடுகிறார்கள் என்பதும், மெலிந்தவர்களில் பலர் நோய் முற்றியதால் மெலிந்தவர்கள் என்பதும் இந்தக் கணக்குக்குள் ஒளிந்திருக்கின்றன.

இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவில் உள்ள மைட்ரல் வால்வு பல ஆண்டுகளாகப் பழுதுபட்டிருந்த ஒரு பெண்மணியைச் சொல்கிறேன். எடைக்கருவி 48 கிலோ காட்டியது; பிஎம்ஐயும் சரியாகவே இருந்தது. கணுக்காலை விரலால் அழுத்தியபோது விழுந்த குழி நெடுநேரம் மறையவில்லை. கண்களுக்குப் பக்கவாட்டில் உள்ள நெற்றிப் பொட்டுகளோ உள்வாங்கிக் கிடந்தன. நீரை வெளியேற்றும் மாத்திரைகள் கொடுத்துப் பத்து நாள் கழித்து மீண்டும் எடை பார்த்தபோது அவருடைய உண்மையான எடை 41 கிலோ. அதுவரை தசை கரைந்துகொண்டிருந்ததை உடலில் தேங்கிய நீர் மறைத்து வைத்திருந்தது. தசை குறைந்தவருக்குச் செயற்கைச் சுவாசத்திலிருந்து விடுபடுவதும், சளியை இருமித் துப்புவதும், புண் ஆறுவதும் கடினம். போதாததற்கு, அறுவைச் சிகிச்சையின்போது ரத்தத்தை ஓட வைக்கும் இதய-நுரையீரல் இயந்திரத்தை நிரப்பும் திரவம் சிறிய உடலில் உள்ள குறைந்த ரத்தத்தை மேலும் நீர்க்கச் செய்வதால், ரத்தம் ஏற்ற வேண்டிய தேவையும் கூடுகிறது. அவருடைய அறுவைச் சிகிச்சையைச் சில வாரங்கள் தள்ளிவைத்து, புரதம் மிகுந்த உணவும் மூச்சுப் பயிற்சியும் கொடுத்த பிறகே செய்தோம்.

பருமனானவர்களுக்கு ஆபத்தே இல்லை என்று சொல்ல வரவில்லை. மார்பெலும்புக் காயத்தில் தொற்று, சீரற்ற இதயத் துடிப்பு, சிறுநீரகப் பாதிப்பு, நீடித்த செயற்கைச் சுவாசம் ஆகியவை அவர்களிடம் அதிகம். பிஎம்ஐ 40-ஐத் தாண்டினால் இவை தெளிவாகவே கூடுகின்றன. சர்க்கரை நோயும் சேர்ந்திருந்தால் காயத் தொற்றின் அபாயம் இன்னும் உயரும். உறக்கத்தில் மூச்சுத் தடைபடுபவர்கள், குறட்டைதானே என்று விட்டுவிடாமல், மயக்க மருத்துவரிடம் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். பெரிய உடலுக்குச் சிறிய வால்வு பொருந்தாது என்பது இன்னொரு சிக்கல்: வால்வின் திறப்பு உடலின் பரப்பளவுக்குப் போதாமல் போனால், புதிய வால்வு நன்றாக இயங்கினாலும் மூச்சிரைப்பு முழுவதுமாகத் தீராது.

ஆனாலும், தேதி நெருங்கும்போது பட்டினி கிடந்து எடையைக் குறைக்க முயல்வதை நான் ஒருபோதும் அனுமதிப்பதில்லை. அவசர அவசரமாகக் குறையும் எடையில் கொழுப்போடு தசையும் போய்விடுகிறது. முயற்சி எதுவும் செய்யாமலே சில மாதங்களில் எடை குறைந்திருந்தால், பருமனானவராக இருந்தாலும் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

வீடு திரும்பிய பிறகு, காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடுவதற்கு முன், ஒரே எடைக்கருவியில் நின்று எடையைக் குறித்து வாருங்கள். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சாப்பாட்டால் வந்த சதையாக இருக்க வாய்ப்பில்லை, பெரும்பாலும் நீர்தான். அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்காமல் உடனே தொடர்புகொள்ளுங்கள். உலோக வால்வு பொருத்தப்பட்டு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் எடை குறைப்பதற்காகத் திடீரெனக் கீரைக்கு மாறினால், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு இறங்கி, வால்வில் ரத்தம் உறையும் அபாயம் வரும். கீரையே ஆகாது என்பதில்லை. வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிடுங்கள், உணவுமுறையை மாற்றினால் ஐஎன்ஆர் பரிசோதனையை அடுத்த தவணைவரை காத்திருக்காமல் செய்துகொள்ளுங்கள்.